விளக்க அட்டையில் ஒரு திருத்தம்

சேலத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய அருங்காட்சியகத்தில் ஏழு வருடம் காப்பாட்சியராக இருந்தேன். காப்பாட்சியர் என்றால் பெரிய பதவி என்று உறவினர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான், ஓய்வுபெற இரண்டு வருடம் மீதமிருந்த ஓர் உதவியாளர், ஒரு காவலாளி. மொத்த அலுவலகமும் அவ்வளவுதான். நடுகற்கள், துருப்பிடித்த வாள்கள், முதுமக்கள் தாழிகள் என்று நிறைந்திருந்த இடம். ஒரு வருடம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் யாரோ ஒருவர், பெண்களும் பிள்ளைகளும் வருகிற மாதிரி ஏதாவது வைக்கலாமே என்றார். 'கலையில் பூ' என்று தலைப்பு முடிவாயிற்று. ஆறு வாரத்தில் கண்காட்சியைத் திறக்க வேண்டும் என்றார்கள்.

எங்கள் கையிருப்பில் பூ குறைவு. பதிவேட்டைப் புரட்டியதில் தாமரை செதுக்கிய ஒரு விதானக் கல்லும், கொடி ஓடும் ஒரு மரநிலையும், இரண்டு பித்தளை வெற்றிலைப் பெட்டிகளும் தேறின. மீதியை வெளியில் இரவல் வாங்க வேண்டியிருந்தது. அம்மாபேட்டையில் ஒரு நெசவுக் குடும்பம் பட்டுக் கரைகளின் மாதிரித் துண்டுகளைக் கொடுத்தது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டர் ஒருவர், பூ வரைந்த பின்கதவுத் தகடு ஒன்றைக் கழற்றி வைத்திருந்தார். அதில் ஒரே கொடியில் ரோஜாவும் தாமரையும் பூத்திருந்தன.

"ரெண்டும் ஒரே கொடியில பூக்குமா?" என்று கேட்டேன்.

"லாரியில பூக்குமுங்க" என்றார்.

கண்காட்சியில் ஆண்கள் அதிக நேரம் நின்று பார்த்தது அந்தத் தகட்டைத்தான்.

புதுச்சத்திரத்துக்குப் போனது குழு உறுப்பினர் ஒருவர் சொல்லி. அவருக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் பழைய பூத்தையல் ஒன்று இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருந்தார். கூடத்துச் சுவரில், நாற்காலி போட்டு ஏறினால் எட்டுகிற உயரத்தில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அது மாட்டப்பட்டிருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு மூங்கில் கூடை, கூடை நிறையப் பூ, இரண்டு பக்கமும் கிளிகள், அடியில் 'நல்வரவு' என்று சிவப்பு எழுத்து. எண்ணிப் பார்த்தேன். பதினேழு பூக்கள். அந்தத் தலைமுறை வீடுகளில் இப்படிப்பட்ட படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை. இதழின் ஓரத்தில் அடர்ந்து தொடங்கும் நிறம் நடுவுக்கு வரும்போது எங்கே வெளிறுகிறது என்றே பிடிபடவில்லை.

"எங்கம்மா கல்யாணத்துக்கு முந்தி போட்டதுங்க மேடம்" என்றார் அவர். "பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு எங்கப்பா இதைப் பாத்துப்போட்டுத்தான் சரின்னாராமா."

அவருடைய அம்மா அன்று திருச்செங்கோட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பொருளைச் செய்தவர் உயிரோடு இருந்தால் அவர் வாயால் கேட்டுத்தான் குறிப்பு எழுத வேண்டும் என்பது எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இன்னொரு நாள் வருவதற்கு நேரமில்லை. மகன் சொன்னதை எழுதிக்கொண்டு, இரவல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, படத்தை எடுத்துவந்துவிட்டேன். விளக்க அட்டையில் அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் போட்டு, 'திருமணத்துக்கு முன் தம் கையால் தைத்தது' என்று எழுதினேன்.

திறப்பு விழாவுக்குக் குழுத் தலைவர் பத்துப் பூந்தொட்டிகளை அனுப்பிவைத்தார். நிஜப் பூவோடு பூச்சியும் ஈரமும் வரும், துணிக்கும் மரத்துக்கும் ஆகாது என்று சொல்லி அத்தனையையும் வாசலிலேயே நிறுத்தினேன். பூக் கண்காட்சிக்குள் பூ கூடாதாம் என்று அவர் மேடையிலேயே கேலி செய்தார். கூட்டம் சிரித்தது.

நான்காம் நாள் காலை பதினொரு மணிவாக்கில் காவலாளி என் அறைக்கு வந்தார்.

"மேடம், ஒரு அம்மா அரை மணி நேரமா அந்தக் கூடைப் படத்துக்கு முன்னாடியே நிக்கிறாங்க. கண்ணாடியில மூக்கு முட்டுது."

போனேன். எழுபதைத் தாண்டிய பெண்மணி. தடித்த மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட நூல் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, கையில் மடக்குக் குடை. காலடி கேட்டதும் திரும்பினார்.

"நீங்கதான் இங்க பொறுப்பாம்மா?"

"ஆமாங்கம்மா. சொல்லுங்க."

"இதை நான் போட்டேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளக்க அட்டையைக் காட்டி அதிலிருந்ததை வாசித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன் போல. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"படிச்சேன்மா. அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா வேலை என்னோடது."

அவரை என் அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். சூரமங்கலத்தில் இளைய மகனோடு இருந்தார். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்துக் காலமானவர். மாதா கோயிலில் பூசைக்கு வருகிற பெண் ஒருவர், அருங்காட்சியகத்தில் பூத்தையல் எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னதால் டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் நடத்திய தையல் வகுப்பில் நான்கு வருடம் இருந்தாராம். வெளியிலிருந்து வேலை வரும். வகுப்பை நடத்திய சிஸ்டர் அதைப் பிரித்துக் கொடுப்பாராம்.

"அப்பல்லாம் பொண்ணு பாக்க வந்தா சுவத்துல பூத்தையல் மாட்டியிருக்கும். பொண்ணு போட்டதுன்னு சொல்லுவாங்க. அதுல பாதி எங்க வகுப்புல போட்டதுதாம்மா. யார் வீட்டுக்குப் போகுதுன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. நாங்களும் கேக்க மாட்டோம்."

சிரிக்காமல், குறைப்படாமல் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய வேலை எப்படி அடையாளம் தெரிகிறது என்று கேட்டேன்.

"எல்லாரும் முடிச்சுப் போட்டு ஆரம்பிப்பாங்க. முடிச்சுப் போட்டா சிஸ்டருக்குப் பிடிக்காது. நான் துணிக்குப் பின்பக்கம் ஒரு சின்னச் சிலுவை போட்டு, அதுல நூலைப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிப்பேன். இதுல கூடையோட அடியில இருக்கும். அப்புறம் ஒண்ணு. இடது பக்கத்துக் கிளியோட வால்கிட்ட ஒரு பூ இருக்குதுல்ல, அது என் கை கிடையாது. யாரோ பின்னாடி போட்டிருக்காங்க."

அவரோடு மறுபடி கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். கிளியின் வாலுக்குக் கீழே இருந்த மஞ்சள் பூவின் இதழ்கள் சுருங்கிக் கிடந்தன. நூல் தடித்துத் தெரிந்தது. அந்தப் படத்தைத் தூக்கியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், விளக்கை அதன்மேல் விழும்படி திருப்பியிருக்கிறேன். இது கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"நான் என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம்மா. பாத்தேன், சொன்னேன். பொய்னு நீங்க நினைச்சாலும் அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பார்வையாளர் ஏட்டில் தன் தொலைபேசி எண்ணை எழுதிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

உதவியாளரிடம் சொன்னேன். அவர் அனுபவஸ்தர்.

"எதுக்கு மேடம் வம்பு? இன்னும் பதினஞ்சு நாள். முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் கொடுத்துட்டா நம்ம வேலை முடிஞ்சுது."

அவர் சொன்னது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பொண்ணு நல்லாப் பாடும் என்று என் அம்மா சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக் காலை வணக்கப் பாட்டு ஒன்றுதான். கூடத்தில் எட்டுப் பேர் காபித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அதைப் பாடினேன். பழக்க தோஷத்தில் ஒருவர் எழுந்து நின்றார். இன்றும் என் கணவர் வீட்டில் நான் பாடுவேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போனதால் விட்டுவிட்டேனாம். நானும் மறுத்ததில்லை. அப்படியிருக்க, புதுச்சத்திரத்து அம்மாவின் சுவரில் இருப்பதைக் கிளறிப் பார்க்க நான் யார் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆனால் என் பாட்டு யாருடைய உழைப்பும் இல்லை. இந்த அட்டையில் நான் எழுதியிருந்தது இன்னொருத்தியின் வேலை.

மறுநாள் வார விடுமுறை. உதவியாளரை வரச்சொல்லி, படத்தை இறக்கி மேசையில் கவிழ்த்தோம். இரவல் பொருளை உரிமையாளரைக் கேட்காமல் திறக்கக் கூடாது. திறந்தேன். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாக உருவி, பின்பலகையை எடுத்தபோது, கூடையின் அடிப்பாகத்துக்குப் பின்னால் சாம்பல் நிற நூலில் ஒரு சிலுவை இருந்தது. அரிசி மணியளவுதான். உதவியாளர் பூதக்கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மஞ்சள் பூவுக்குப் பின்னால் வேறு துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டைச் சுற்றிலும் பழைய துணியின் விளிம்பு பல் பல்லாகக் கடிபட்டிருந்தது. புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுபடி மூடினோம்.

புதுச்சத்திரத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். என்னால் முடிந்த அளவு சுற்றிவளைத்துச் சொன்னேன். அது உதவவில்லை.

"ஏனுங்க மேடம், எங்கம்மா பொய் சொல்லுச்சுங்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலைங்க. ஒருத்தங்க வந்து..."

"யாரோ எங்கிருந்தோ வந்து சொன்னா ஆயிருச்சுங்களா? நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். எங்க பொருள் எங்க ஊட்டுல இருக்கட்டும்."

வைத்துவிட்டார். கேட்காமல் திறந்ததையும் சொல்லியிருந்தேன். அதற்கு அவர் கோபித்துக்கொள்ளவேயில்லை என்பது பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்டப்போகிற நேரம், அதே எண்ணிலிருந்து மறுபடி அழைப்பு. இந்த முறை வயதான பெண்குரல்.

"அம்மிணி, அந்தம்மா உசுரோட இருக்குதா?"

"இருக்காங்கம்மா. சூரமங்கலத்துல."

பின்னால் எங்கோ டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு நானும் வாரேன். அவீங்களையும் வரச் சொல்லு, சாமி."

சூரமங்கலத்து அம்மா பத்து மணிக்கே வந்து, கூடைப் படத்துக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அவரை வரச்சொன்னது சரிதானா என்று எனக்குக் கலக்கமாக இருந்தது. பதினொன்றுக்குக் கார் வந்தது. முன்னால் அம்மா, பின்னால் மகன். அம்மா ஒல்லியாக, உயரமாக இருந்தார். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கோலில்லாமல் விறுவிறுவென்று நடந்து வந்தார். நான் அறிமுகம் செய்யத் தொடங்கியதைக் கையால் தடுத்துவிட்டு, நேராகப் படத்தைப் பார்த்தார். கண் மட்டத்தில் அதைப் பார்த்து ரொம்ப வருடமாகியிருக்கும். பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானுங்களா?"

சூரமங்கலத்து அம்மா எழுந்து நின்றார். "ஆமாங்க."

"நல்லாப் போட்டிருக்கறீங்க."

"அம்மா..." என்றார் மகன்.

"இரு சாமி. இதை நான் போடலீடா. எனக்கு அப்ப ஊசியில நூல் கோக்கவே வராது. பொண்ணு பாக்க வாராங்கன்னு எங்கம்மா சேலத்துல சொல்லிவெச்சு வாங்கியாந்தது."

மகன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அம்மாவிடம், "அப்ப அப்பாவுக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது. அவரு போற வரைக்கும் தெரியாது."

மகன் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தார். அது அடிக்கவில்லை. இருந்தாலும் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சூரமங்கலத்து அம்மா குடையின் நுனியால் மஞ்சள் பூவைச் சுட்டிக்காட்டினார்.

"அது யாருங்க போட்டது?"

"அதா? அதுதாங்க நான் போட்டது."

அவர் சொன்ன கதை இது. கல்யாணமாகி இரண்டாம் வருடம் எலி படத்தின் மூலையைக் கடித்துவிட்டது. அப்போது கண்ணாடி போடவில்லை. மாமியார் அதைக் கழற்றி மருமகள் கையில் கொடுத்திருக்கிறார்.

"'நீ போட்டதுதான, நீயே சரி பண்ணிரு'ன்னு சொல்லிப்போட்டாங்க. எங்கம்மாகிட்டக் குடுத்தனுப்பலாம்னா, 'எதுக்கு அங்க அனுப்பறே, இங்கயே ஒக்காந்து போடு'ங்கறாங்க."

"பொறவு?" என்றார் மற்றவர். அந்தச் சொல் அவருடையதல்ல. எதிரில் இருந்தவரின் கொங்குப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

"பொறவு என்னங்க? ஊட்டுல ஒரு பழைய தலகாணி உறை இருந்துச்சு. அதுல ஒரு பூ. அதைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன், நூலு எங்க போகுது, எங்க வருதுன்னு. பருத்தி போட்டுவெக்கற ரூமுக்குள்ள ஒக்காந்து ஒரு மாசம். விரலெல்லாம் ஓட்டை. அப்புறம் ஒரு பூ வந்துச்சு."

"மாமியார் என்ன சொன்னாங்க?"

"பாத்துப்போட்டு, 'மாடு கன்னு பாத்து உனக்குக் கை மாறிப்போச்சு'ன்னாங்க. ஊட்டுக்கு வாரவீங்ககிட்டயெல்லாம் அதையே சொன்னாங்க. நல்லாப் போட்டுக்கிட்டிருந்த புள்ள, எங்கூட்டுக்கு வந்து கை கெட்டுப்போச்சுன்னு."

சூரமங்கலத்து அம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து போய் அந்தப் பூவைப் பக்கத்தில் பார்த்தார்.

"நூலை ரொம்ப இறுக்கிட்டீங்க. அதான் இதழ் சுருங்குது. நூல்ல இருக்கற ஆறு இழையில ரெண்டு போதும், நீங்க ஆறும் சேத்துப் போட்டிருக்கீங்க."

"அதைப் பிரிக்கலாம்னு எனக்கு எப்புடிங்க தெரியும்?"

"யாரும் சொல்லலைன்னா தெரியாதுதான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். "ஆனா, கடிச்ச துணிமேல ஒட்டு வெச்சுப் பூப் போடறது எனக்கே சிரமம்."

புதுச்சத்திரத்து அம்மா முழங்கையால் சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். கேட்க வந்ததைக் கேட்டுவிட வேண்டும் என்கிற மாதிரி சொன்னார்.

"உங்க வேலைய எம்பேருல சொல்லிக்கிட்டிருந்தேன். உங்களுக்குக் கோவம் இல்லீங்களா?"

"அப்ப நாங்க யாருமே பேர் போட மாட்டோம்ங்க. போட்டா யாரும் வாங்க மாட்டாங்க."

"இப்ப?"

பள்ளிப் பிள்ளைகளின் வரிசை ஒன்று எங்களைக் கடந்து, மரநிலையைத் தாண்டி, அடுத்த அறைக்குள் போய் முடிந்தது.

"இப்பப் போடலாம்" என்றார் சூரமங்கலத்து அம்மா.

மகன் திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். படத்தை எடுத்துப்போவதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அட்டையில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். இரண்டு பேர் பெயரும் வரும் என்றேன்.

"அம்மா, நம்ம சனமெல்லாம் வந்து பாப்பாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

"பாக்கட்டும். படிக்கட்டும்." பிறகு என்னிடம், "எம்பேரை எடுத்துப்போடாதே அம்மிணி. ஒரு பூவுக்கு எம்பேரும் இருக்கட்டும்" என்றார்.

அறைக்குப் போய்ப் புதிய அட்டையைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தேன். தைத்தவர் என்று சூரமங்கலத்து அம்மாவின் பெயர். அதன் கீழே, இடது மூலையில் எலி கடித்த இடத்தில் ஒரு பூவைப் பின்னாளில் தைத்தவர் என்று புதுச்சத்திரத்து அம்மாவின் பெயர். இருவரும் படித்துத் தலையாட்டினார்கள். மகன் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"எலி மட்டும் வேண்டாமுங்க மேடம்."

"ஏங்க?"

"எங்கூட்டுல எலி இருந்துச்சுன்னு ஊரெல்லாம் தெரியோணுமா?"

எலியை எடுத்துவிட்டு 'சேதமடைந்த இடத்தில்' என்று போட்டேன். அவருக்குத் திருப்தி. போகும்போது சூரமங்கலத்து அம்மாவைக் காரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். பஸ் வரும் என்று அவர் மறுத்தார். வெயிலில் சிறிது நேரம் வாங்க, வேண்டாம் என்று இழுபறி நடந்தது. கடைசியில் குடையை மடக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். காருக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கண்காட்சியின் கடைசி வாரத்தில் புதுச்சத்திரத்து உறவினர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். அட்டையைப் படித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பட்டுக் கரைகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒரே ஒரு அம்மாள் மட்டும் பின்தங்கி நின்றார். புதுச்சத்திரத்து அம்மாவின் நாத்தனார் என்று சொன்னார். கணவரின் தங்கை.

"இதுல என்னங்க இருக்குது? எங்கம்மாவுக்கு மொதல்லயே தெரியுமுங்க" என்றார்.

"எது?"

"பொண்ணு போடலைங்கறது. கல்யாணமாகி வந்த மறு வாரமே, கிழிஞ்ச ரவிக்கையத் தெக்கச் சொல்லிக் குடுத்தாங்களாமா. அது ஊசியப் புடிச்ச புடியிலேயே தெரிஞ்சுபோச்சாம். எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சாங்க."

"அப்புறம் எதுக்கு அந்தப் பூவைப் போடச் சொன்னாங்க?"

"போடுதா, அழுவுதான்னு பாக்கத்தான்." அவர் படத்தைப் பார்த்தார். "போட்டுப்போட்டுது. அதுக்கப்புறம் எங்கம்மா அந்தப் பேச்சே எடுக்கலீங்க."

"உங்க அண்ணிக்கு இது தெரியுமா?"

"எதுக்குங்க சொல்றது இத்தனை வருசத்துக்கப்புறம்?"

நானும் சொல்லவில்லை. இரண்டு நாளைக்கு, நான் பார்த்தேயிராத, எப்போதோ செத்துப்போன ஒரு மாமியார்மேல் எனக்கு எரிச்சலாக இருந்தது. இருபது வயதுப் பெண்ணை ஒரு மாதம் பருத்தி அறைக்குள் உட்காரவைத்திருக்கிறார், எல்லாம் தெரிந்துகொண்டே. பிறகு, வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். நல்லாப் போட்டுக்கிட்டிருந்த புள்ள, கை கெட்டுப்போச்சு. குத்திக்காட்டினாரா, மருமகள் மானத்தைக் காப்பாற்றினாரா? எனக்கு விளங்கவில்லை. யாரைக் கேட்பது?

கண்காட்சி முடிந்ததும் இரவல் பொருட்களை ஒவ்வொன்றாகத் திருப்பினோம். புதுச்சத்திரத்துக்கு நானே படத்தை எடுத்துப்போனேன். மகன் பண்ணையில் இருந்தார். மருமகள்தான் கதவைத் திறந்தார்.

"அம்மா இல்லீங்களா?"

"அத்தை சேலம் போயிருக்காங்க."

"சூரமங்கலத்துக்கா?" என்று அவசரமாகக் கேட்டுவிட்டேன்.

"இல்லீங்க. கண்ணாஸ்பத்திரிக்கு."

சிறிது ஏமாற்றமாக இருந்தது. இரண்டு வயதான பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வர வேண்டும் என்று நான் ஏன் எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. சூரமங்கலத்து அம்மாவும் அதற்குப் பிறகு அருங்காட்சியகத்துக்கு வரவில்லை. தன் பெயர் போட்ட அட்டையின் பிரதி ஒன்றை அன்றே கேட்டு வாங்கிப்போனதோடு சரி.

கூடத்தில், படம் இருந்த இடத்தில், கோழித்தீவனக் கம்பெனிக் காலண்டர் ஒன்று தொங்கியது. மருமகள் படத்தை வாங்கி, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சோபாவில் சாய்த்துவைத்தார்.

"எங்க மாட்டறதுன்னு அத்தைதான் சொல்லோணும்" என்றார்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். மோர் கொடுத்தார். குடித்துவிட்டு, நெடுஞ்சாலைக்கு நடந்து வந்து சேலம் பஸ்ஸுக்காக நின்றேன். நிழற்குடையில் இடமில்லை. முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது.